போதும் என்ற சொல்

விருந்தோம்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தமிழன் சீக்கிரத்தில் நிறுத்தமாட்டான். அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. பெருமைப்பட நியாயமும் உண்டு. திருக்குறளில் மக்கட்பேறு, அன்புடைமை என்ற இரண்டு அதிகாரங்களும் முடிந்த கையோடு ஒன்பதாவது அதிகாரமாக விருந்தோம்பல் வந்துவிடுகிறது. பிள்ளை பெறுவதும், அன்பு செலுத்துவதும், வந்தவனுக்குச் சோறு போடுவதும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

விருந்து கொடுப்பவனுக்கு இவ்வளவு சொன்ன நாம், விருந்தாகப் போகிறவனுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று யோசித்தால் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது. 133 அதிகாரங்களையும் புரட்டினாலும் விருந்தாளிக்கென்று ஓர் அதிகாரம் அகப்படாது. பிறரிடம் போய்க் கேட்பதைப் பற்றி 106, 107 என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 'இரவு' என்றும் 'இரவச்சம்' என்றும் அவற்றுக்குப் பெயர். வறுமையால் கையேந்துகிறவனைப் பற்றியவை அவை. கேட்பது என்றாலே நம் மனத்தில் பிச்சை என்ற நினைவு எழுவதற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணமோ என்னவோ. ஒருவர் வீட்டில் சில காலம் தங்கி அவர்கள் உப்பைத் தின்று வாழ நேர்ந்தவன், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கலாமா? கேட்பது மரியாதையா, கேட்காதிருப்பது மரியாதையா? இதை நம் பெரியவர்கள் அதிகம் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராய அவசியம் நேரவில்லை போலும். நம் வீடுகளில் விருந்தாளி வாய் திறப்பதற்கு முன்பே இலை நிரம்பிவிடுகிறது.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று ஒரு பழமொழி மட்டும் உண்டு. மூன்று நாள் வரையில் யாருக்கும் சங்கடம் இல்லை. நாலாம் நாளும் அதே வீட்டில் கண் விழிக்கிறவன் யார்? அவன் உறவினன் அல்ல, வேலைக்காரனும் அல்ல, விருந்தாளி என்ற பட்டமோ மூன்றாம் நாளோடு தீர்ந்துபோயிற்று. படிப்பதற்காகக் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கும் மாணவனுடைய நிலை இதுதான். இன்று கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து அப்படிப் போகும் பிள்ளைகள் அநேகம். அவர்களுடைய முதல் சில நாட்களில் நடப்பது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு பெரிய தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது.

எங்கள் சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவருக்கு நான் சொல்வது புரியும். அரிசியும் பருப்பும் சாதம் ஒரு கரண்டி விழுந்ததும், 'போதுங்க' என்பார். இன்னொரு கரண்டி விழும். இலையின்மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைப்பார். 'அட, என்னங்க நீங்க, கோழி கொத்தற மாதிரி கொத்தறீங்க' என்ற குரலோடு விரல் இடுக்கின் வழியாக நெய் இறங்கும். மூன்றாவது தடவை 'போதும்' என்று சொல்லும்போது தொனியில் ஒரு வித்தியாசம் இருக்கும். பரிமாறுகிற அம்மாளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்; அப்போதுதான் கரண்டி நிற்கும். முதல் இரண்டு தடவை சொன்னதற்கு அர்த்தமே வேறு. 'நான் சோற்றுக்கு அலைந்து வந்தவன் அல்ல' என்று விருந்தாளி தம் கௌரவத்தைச் சொல்கிறார். 'உங்கள் கௌரவம் எங்களுக்குத் தெரியும், சாப்பிடுங்கள்' என்று அந்த அம்மாள் பதில் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே பாஷையில் பேசுகிறார்கள். ஆகையால் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

பூ விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் இங்கிருந்து தோட்டக்கலை படிக்க நெதர்லாந்துக்குப் போனான். முதல் சில மாதங்களுக்கு ஒரு டச்சுக் குடும்பத்தோடு தங்க ஏற்பாடு. டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு, 1658ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்துக்கொண்டு, நூறு வருஷங்களுக்கு மேல் இங்கே இருந்தவர்கள்தாம். அழையாத விருந்தாளிகள், போதும் என்று தாமாக ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் தங்கள் சொந்த வீட்டில், தங்கள் சொந்தச் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை நம்மவர்கள் பார்க்க நேர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

பையன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னான். மாலை 6 மணிக்கே அங்கே இரவுச் சாப்பாடு. அடுப்பில் வைத்துச் சமைப்பது அந்த ஒரு வேளைதான். காலையும் மத்தியானமும் ரொட்டியும் பாலாடைக் கட்டியும். அவன் போன முதல் நாள் உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்து வைத்திருந்தார்கள். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு சுற்றுப் பரிமாறி முடிந்ததும் வீட்டுக்கார அம்மாள், 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்டாள்.

"போதுமுன்னேனுங்க மாமா. அவ்வளவுதான், பாத்திரத்தை மூடி எடுத்து உள்ளே வெச்சுட்டாங்க. நான் திகைச்சுப்போயிப் பாத்துட்டே உக்காந்திருந்தனுங்க."

காபிக்கு ஒரு பிஸ்கோத்து. டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள்; ஒன்று எடுத்ததும் டப்பா மூடிக்கொள்ளும். பையன் அறைக்குப் போய், அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைப் போர்வைக்குள் வைத்துத் தின்றானாம். கடித்தால் சத்தம் கேட்கும் என்று வாயிலேயே ஊறவைத்துத் தின்றானாம். ஊரிலிருந்து தாய் போனில், 'உண்டாச்சா சாமி?' என்று கேட்டால், 'ஆச்சும்மா' என்பான். இப்படி எட்டுப் பத்து நாள் போயிற்று, முறுக்கும் தீர்ந்தது. கடைசியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாளே நேராகக் கேட்டுவிட்டாள். பையன் பசியை ஒப்புக்கொண்டான். அவள் பாத்திரத்தை அப்படியே அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, 'அப்படியானால் இத்தனை நாள் எங்களிடம் ஏன் பொய் சொன்னாய்?' என்றாளாம்.

"பொய்யாமுங்க மாமா! மரியாதைக்குச் சொன்னதைப் போயிப் பொய்யிங்கறாங்க" என்றான் பையன். ஒரு வருஷம் கழிந்தும் அந்த வார்த்தை அவனுக்கு ஆறவில்லை.

அது பொய்தானா? பையனை இங்கே நிறுத்திவிட்டு, அவனுக்கு முன்னால் அதே பாதையில் போனவர்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

1888ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பல் ஏறி லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன குஜராத்திப் பையனுக்கு அப்போது 19 வயது நிறையவில்லை. மோகன்தாஸ் காந்தி என்று பெயர். மாமிசத்தையும் மதுவையும் பெண்ணையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லண்டனில் அவரை வந்து பார்த்த டாக்டர் பிராணஜீவன் மேத்தா சில புத்திமதிகள் சொன்னார். பிறர் பொருளைத் தொடாதே, உரக்கப் பேசாதே, இந்தியாவில் நாம் கேட்பதுபோல முதல் சந்திப்பிலேயே ஒருவரைத் துருவித் துருவிக் கேள்வி கேட்காதே. இந்த நாட்டுக்கு வருவது பரீட்சைக்காக மட்டும் அல்ல, இவர்களுடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளவும்தான். அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பதும் அவருடைய யோசனையே.

முதலில் ரிச்மண்டில் ஒரு நண்பரோடு ஒரு மாதம். பிறகு மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாளின் வீடு. காந்தி தம் விரதத்தை அவளிடம் சொல்லிவிட்டார். அவளும் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தாள். ஆனாலும் அந்த வீட்டில் அவர் அரைப் பட்டினிதான் கிடந்தார். எந்தச் சாப்பாட்டிலும் அவருக்கு ருசி தெரியவில்லை. சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மாள் தினமும் கேட்டாள். அவரோ சங்கோஜப் பிராணி. எதிரே வைத்ததற்கு மேல் கேட்க அவருக்கு நா எழவில்லை. அந்த அம்மாளுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பிரியத்தோடு வற்புறுத்தி ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை அதிகமாக வைப்பார்களாம். முழு ரொட்டி ஒன்று இருந்தால்தான் தம் வயிறு நிரம்பும் என்பது அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும் என்று காந்தி பிற்காலத்தில் தம் சரிதையில் எழுதினார். அவர் லண்டனில் முதன் முதலாக வயிறாரச் சாப்பிட்டது, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவச் சாப்பாட்டு விடுதியைத் தாமே நடந்து நடந்து கண்டுபிடித்த பிறகுதான்.

அந்த வீட்டை நாம் குற்றம் சொல்ல முடியுமா? அம்மாள் கேட்டாள், பெண்கள் வற்புறுத்தவும் செய்தார்கள். காந்தியையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு முழு ரொட்டி அந்த வீட்டுச் சமையல் அறையில் இருக்கும்போதே ஒரு பிள்ளை பசியோடு படுக்கப் போயிருக்கிறான்.

இரண்டாவது மனிதர் நமக்கு இன்னும் கிட்டத்தவர். சீனிவாச ராமானுஜன் கும்பகோணத்துக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் 1887 டிசம்பர் 22ஆம் தேதி அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து வர மனம் இல்லாமல், தாயையோ பாட்டியையோ சாதத்தைப் பிசைந்து உருட்டிக் கையில் வைக்கச் சொல்லிச் சாப்பிடுவாராம். பசி என்று வாய்விட்டுச் சொல்லும் அவசியமே நேராமல் வளர்ந்தவர் என்று அர்த்தம்.

1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தாயிற்று. முள்ளும் கரண்டியும் பிடிக்கப் பழகியாயிற்று. முதலில் அவர் தங்கியது செஸ்டர்டன் சாலையில், அவரை வரவழைப்பதில் பெரும் பங்கு கொண்ட நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில். நெவில் அவரைவிட ஏறக்குறைய இரண்டு வயது இளையவர். புதிதாகக் கல்யாணம் ஆனவர். அவரும் அவர் மனைவி ஆலிஸும் ராமானுஜத்தை அன்போடு வைத்துக்கொண்டார்கள். 26 வருஷம் கட்டுப்பாடு அறியாத பாதங்களைச் செருப்புத் தோல் வாட்டியதையும், பழகாத காய்கறிகளின் ருசி அவருக்குத் தொல்லை கொடுத்ததையும் நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்; ஆனாலும் அந்த நாட்களில் அவர் சந்தோஷமாகவே இருந்தார் என்றும் சொன்னார். ஜூன் மாதம் ராமானுஜன் டிரினிடி கல்லூரியில் தமக்குக் கிடைத்த அறைகளுக்குப் போய்விட்டார். தாமே சமைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஆகஸ்டில் யுத்தம் வந்துவிட்டது.

அந்த அறையில் நடந்ததைப் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் சொல்லியிருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயர் பெற்ற அவர் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராத்திரியில் குளிரவில்லையா என்று ராமானுஜத்தைக் கேட்டார். குளிர்கிறது, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதாதோ என்று மகாலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். கம்பளிகள் ஏராளமாக இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி அவற்றை விரிப்புக்கு அடியில் மெத்தையோடு இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றை இழுத்து விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. கம்பளிகளின்மேல் படுத்துக்கொண்டு குளிரில் நடுங்கியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கொடுக்க வேண்டியதைக் கல்லூரி கொடுத்துவிட்டது. பெற்றுக்கொள்ள வேண்டியவரும் அதன்மேலேதான் படுத்திருந்தார். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கேள்வி. 'இதில் எப்படிப் படுப்பது?' என்ற கேள்வி. எண்களைப் பற்றி உலகத்தில் யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்ட மனிதருக்கு, இந்த ஒரு கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை.

அவரே விருந்து கொடுத்த கதையும் ஒன்று உண்டு. சட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும் உடன் இரண்டு பெண்களையும் சாப்பிட அழைத்து, தாமே சமைத்து, தாமே பரிமாறினார். முதலில் சூப். எல்லோரும் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் ராமானுஜத்தைக் காணோம். கீழே விசாரித்தால், வாடகைக் காரை வரவழைத்துப் போய்விட்டாராம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பும்படி தந்தி வந்தது. தாம் பரிமாறியதை அவர்கள் மறுத்தது தமக்கு அவமானமாகப் பட்டது என்று பிறகு காரணம் சொன்னார்.

தம் தேவையைச் சொல்லத் தெரியாதவர் என்று பார்த்த அதே மனிதர், பிறர் சொன்ன 'போதும்' என்ற சொல்லை நம்ப முடியாதவராகவும் இருந்தார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தன் சொல்லைப் பிறர் நம்பக் கூடாது, சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன், பிறர் சொல்லையும் நம்பமாட்டான்.

இப்போது கேள்வியை நேராகக் கேட்கலாம். ஒரு மனிதன் 'போதும்' என்று சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே ஏற்பது அவனுக்குச் செய்யும் மரியாதையா? அல்லது அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு அவன் வயிற்றைப் பார்ப்பது மரியாதையா?

டச்சு வீட்டுக்கார அம்மாளுக்காக முதலில் வாதாடுகிறேன். அவள் அந்தப் பையனை ஒரு முழு மனிதனாக மதித்தாள். உன் பசி உனக்குத்தான் தெரியும், நீ சொன்னால் நான் நம்புகிறேன் என்பதே அவள் மேஜையின் தர்மம். அந்த நாட்டுப் பூ ஏலத்தைப் பற்றியும் பையன் சொன்னான். நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் விலை கீழிருந்து கூச்சலோடு மேலே ஏறும். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் உலகத்தின் மிகப் பெரிய பூ ஏலங்களில் ஒன்று நடக்கிறது. அங்கே ஒரு கடிகாரம். அதில் விலை உயரத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். வேண்டியவன் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். முதலில் அழுத்தியவனுக்குப் பூ. இப்போது பல வியாபாரிகள் தங்கள் இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் அழுத்துகிறார்களாம். அழுத்தாதவனைப் பார்த்து, 'ஏனுங்க, உங்களுக்கு வேண்டாமா?' என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சாப்பாட்டு மேஜைக்கும் ஏலக் கடைக்கும் சம்பந்தம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேண்டியவன் சொல்வான் என்ற நம்பிக்கையில் ஒரு சமூகம் முழுவதையும் நடத்த முடியும் என்பதற்கு அந்தக் கடிகாரம் ஒரு சாட்சி.

எண்ணிக் கொடுக்கும் பிஸ்கோத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடவும் எனக்குத் துணிவு இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், 1944ன் இறுதியிலும் 1945ன் தொடக்கத்திலும், ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்தில் கொடிய பஞ்சம் வந்தது. சுமார் 20,000 பேர் மாண்டார்கள். துலிப் பூவின் கிழங்கை வேகவைத்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு. பூ விற்றுப் பிழைக்கும் தேசம் பூவின் வேரைத் தின்றது. நமக்கும் பஞ்சம் தெரியும். 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் ஊர்க் கிழவிகள் தங்கள் பாட்டிகள் சொல்லக் கேட்டுச் சொன்னதுண்டு. பசியைப் பார்த்த ஒரு வீடு, இருப்பதை எல்லோருக்கும் சமமாக எண்ணிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம். பசியைப் பார்த்த இன்னொரு வீடு, இருக்கும்போது இலை வழியப் போடக் கற்றுக்கொள்ளலாம். இதில் எது உயர்ந்த பாடம் என்று வெளியில் நிற்கிறவன் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி நம் பக்கத்து நியாயம். பசி என்பது மனிதனை வாயடைக்கச் செய்யும் வஸ்து. பசித்தவன் வெட்கப்படுகிறான், புதிய இடத்தில் இருப்பவன் இன்னும் அதிகமாக வெட்கப்படுகிறான். எல்லோருக்கும் சொல்லத் துணிவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு தர்மத்தை வகுத்தால், துணிவு இல்லாதவன் அதற்கு வெளியே நின்றுவிடுவான். காந்தி அப்படித்தான் நின்றார். 'போதும்' என்ற சொல்லைத் தாண்டிப் பார்க்கும் கண்ணை நம் தாய்மார்கள் வளர்த்திருக்கிறார்கள். அது லேசான சம்பாத்தியம் அல்ல.

ஆனால் அந்தக் கண் எல்லோரையும் பார்த்ததா? நம் உபசாரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். 'எந்த ஊருங்க? யாரோட மகனுங்க?' என்று நாம் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்விகளில் பிரியமும் இருந்தது. ஆளைத் தரம் பிரிக்கும் தராசும் இருந்தது. அந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொல்ல நேர்ந்தவனுக்கு வாசற்படிக்கு வெளியே, குவித்த கையில் தண்ணீர் ஊற்றினோம். டீக்கடையில் அவனுக்குத் தனிக் குவளை வைத்த ஊர்கள் நம் வட்டாரத்தில் இருந்தன. அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது பழங்கதை அல்ல. அவன் 'போதும்' என்று சொல்வதற்கு முன்பே அவனுக்கு எது போதும் என்பதை நாமே தீர்மானித்துவிட்டோம். டச்சு அம்மாள் ஒரு பிஸ்கோத்துத்தான் கொடுத்தாள். ஆனால் யாருடைய மகன் என்று விசாரித்துவிட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இது வீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. விருந்தாளியின் 'போதும்' என்ற சொல்லை நம்பாத நாம், ஒருத்தியின் சொல்லை மட்டும் தவறாமல் நம்பி வந்திருக்கிறோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் தாய், 'எனக்குப் பசியில்லை, இது போதும்' என்று சொன்னால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. இலையை மறைத்த அவள் கையின்மேல் யாரும் நெய் ஊற்றுவதில்லை. அவளுக்குப் பரிமாற ஆளும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து, ஒரே அளவில் எடுத்துக்கொள்ளும் அந்த மேஜையைப் பற்றிப் பையன் சொன்னபோது, அங்கே அந்த வீட்டுத் தாயின் தட்டில் இருந்ததும் மற்றவர்கள் தட்டில் இருந்ததும் ஒன்று என்பதைச் சேர்த்துச் சொன்னான். அதை அவன் கவனித்திருந்தான். ஊருக்கு வந்த பிறகு, தன் தாய் 'பசியில்லை சாமி' என்றால் சட்டியைத் திறந்து பார்க்கிறானாம்.

ஆக, அது பொய்தானா என்ற கேள்விக்கு என் பதில் இது. சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் சொன்னால் அது மரியாதை. சொல்லை நம்புகிறவர்களிடம் சொன்னால் அதே சொல் பொய்யாகிவிடுகிறது. பையன் பொய்யன் அல்ல. ஆனால் அந்த அம்மாள் பேரில் அவன் ஒரு குற்றத்தைச் சுமத்திவிட்டான். தன் வீட்டில் ஒரு பிள்ளை பத்து நாள் பசியோடு இருந்தான் என்ற குற்றம் அது. அவளுக்குத் தெரியாமலே அவளைக் கெட்ட வீட்டுக்காரியாக ஆக்கிவிட்டான். அவளுக்கு எழுந்த கோபத்தின் நியாயம் அதுதான். 'போதும்' என்று சொல்லி நம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்போது யாருடைய கௌரவத்தைச் செலவழிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

காந்தியும் இதை ஒரு விதத்தில் கண்டுகொண்டார். பிரைட்டனில் ஒரு விடுதியில், பிரெஞ்சு மொழியில் இருந்த உணவுப் பட்டியல் புரியாமல் திகைத்தபோது உதவி செய்த ஒரு வயதான விதவை அம்மாள், லண்டனில் ஞாயிறுதோறும் தன் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அவரை அழைத்தாள். அவருடைய கூச்சத்தைப் போக்க இளம் பெண்களோடு பேச வைத்தாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர்கள் தங்களுக்குக் கல்யாணமான விஷயத்தை மறைப்பது வழக்கம். காந்தியும் மறைத்திருந்தார். ஊரில் மனைவியும் மகனும் இருந்தார்கள். ஒரு நாள் உண்மை முழுவதையும் எழுதி, இனி என்னை அழைக்காவிட்டாலும் வருத்தப்படமாட்டேன் என்று கடிதம் அனுப்பினார். வாசித்து நன்றாகச் சிரித்தோம், அழைப்பு அப்படியே இருக்கிறது என்று அந்த அம்மாள் பதில் எழுதினாள். அவர் ரொட்டி கேட்கத் தயங்கியதும் இதுவும் வேறு வேறு விஷயங்கள்தாம். ஆனாலும் ஒரு வீட்டில் உப்புத் தின்கிறவன் அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருள் ஒன்றுதான். அது தன்னைப் பற்றிய உண்மை. கல்யாணம் ஆனது உண்மை; பசிப்பதும் உண்மை; குளிர்வதும் உண்மை.

விருந்தாளியின் அறம் என்று ஓர் அதிகாரம் எழுதினால் அதில் முதலில் வர வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். மூன்று நாள் வரையில் விருந்தாளி உபசார வார்த்தை சொல்லலாம். நாலாம் நாள் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்பது இரத்தல் அல்ல. 'என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு' என்று ஒப்புக்கொள்வது அது. விருந்து கொடுப்பவருக்கும் அதே அதிகாரத்தில் ஒரு வரி இருக்கட்டும். வேறு ஊர்ப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஒரு தடவை அதிகமாகக் கேளுங்கள். அதற்கு மேல் அவன் சொல்லை நம்புங்கள்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மார்கள் பருப்புப் பொடியும் முறுக்கும் கட்டிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், அது எத்தனை நாளுக்கு வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதோடு 'பசிக்குது' என்ற ஒரு வார்த்தையைக் கூச்சம் இல்லாமல் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் நல்லது. கற்றுக்கொடுப்பதற்கு வழியும் ஒன்றுதான் இருக்கிறது. அவர்களே அந்த வார்த்தையைத் தங்கள் வீட்டில், தங்கள் பிள்ளைகளின் காது கேட்கச் சொல்லிப் பழக வேண்டும்.